படப்பையின் டவரும் கையிலுள்ள போனும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், படப்பைக் கடைத்தெருவில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒரகடத்தை நோக்கியும் ஸ்ரீபெரும்புதூரை நோக்கியும் விரைகின்றன. ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் வாலிபர்களும் யுவதிகளுமே. செல்போன் இல்லாத கை அங்கே அபூர்வம்.

இந்த வட்டாரம் செல்போனை உபயோகிக்கும் வட்டாரம் மட்டுமல்ல. அதைச் செய்து உலகத்துக்கு அனுப்பும் வட்டாரமுமாகும். 2006-ம் வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் அது நின்றுபோய், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கலங்கி நின்றதையும் நாம் கண்டோம். இன்று அதே பிரதேசத்தில் பாக்ஸ்கான் ஆலையில் ஆப்பிள் கம்பெனியின் போன்கள் தயாராகின்றன. அவற்றைப் பொருத்திச் சோதித்துப் பெட்டியில் அடைப்பவர்கள் நம்முடைய பெண்மக்களே.

இவ்வளவு இருந்தும், செல்போனைப் பற்றி நம் ஜனங்களுக்குள்ள அறிவு எத்தகையது? தெருவில் புதிதாக ஒரு டவர் எழும்பினால் புற்றுநோய் வரும் என்ற பீதி எழுகிறது. கலெக்டர் காரியாலயத்துக்கு மனு போகிறது. மனு எழுதினவர்களோ அன்றிரவே போனைச் சார்ஜில் மாட்டித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். மறுநாள் காலையில் ஹெல்மெட்டுக்குள் அதைச் செருகிப் பேசிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததற்குப் பயப்படுவது அறியாமையின் இலக்கணம். இந்த அறியாமைக்காக நாம் ஜனங்களைப் பழிக்கவில்லை. அவர்களுக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் சொல்லவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

ரேடியோ அலை என்பது நேற்று அந்நிய தேசத்திலிருந்து வந்திறங்கிய மாயமல்ல. 1890-களின் நடுவில், கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸ் கூடியிருந்தோர் கண்முன் கம்பியில்லாமலே அலைகளைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். மில்லிமீட்டர்க் கணக்கில் நீளமுள்ள மிகக் குறுகிய அலைகளை ஆராய்ந்தவர் அவர். 2022-ல் 5ஜி சேவைக்காக இந்திய சர்க்கார் ஏலம் விட்ட அலைவரிசைகளில் சில அந்த இனத்தைச் சேர்ந்தவையே. 5ஜி என்றதும் இதுவரை உலகம் காணாத கதிர் என்று அலறுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இந்த அலைகள் உடலை என்ன செய்கின்றன? எக்ஸ்-ரே, அணுக்கதிர் ஆகியவற்றின் ஒவ்வொரு துகளுக்கும் உடலின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பெயர்த்து ஜீவதாதுக்களைச் சிதைக்கும் வலிமை உண்டு. செல்போன் அலையின் துகளுக்கு அந்த வலிமை கிடையாது. நம்மீது அன்றாடம் விழும் சூரிய ஒளியின் துகளே அதைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் சக்தி வாய்ந்தது. செல்போன் அலை செய்வதாக ஐயமின்றி நிரூபணமாகியிருக்கும் காரியம் ஒன்றுதான்: அது உடலைச் சிறிது சூடேற்றுகிறது. அந்தச் சூட்டை அளப்பதற்கே எஸ்.ஏ.ஆர். என்ற கணக்கை ஏற்படுத்தியிருக்கிறார்கள். ஒரு கிலோ உடல் எடை எத்தனை வாட் சக்தியை உறிஞ்சுகிறது என்பதே அது. இந்திய சர்க்கார் 2012 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இதற்கு 1.6 வாட் என்று உச்சவரம்பு விதித்தது. அதே தேதி முதல் டவர்களின் கதிர்வீச்சுக்கும், சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவில் பத்தில் ஒரு பங்கே அனுமதி என்று உத்தரவிட்டது.

புற்றுநோய் என்ற கேள்விக்கு வருவோம். 2011-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்த அலைகளைச் "சந்தேகத்துக்கு இடமுண்டு" என்ற வகுப்பில் சேர்த்தது. பீதி கிளப்புவோர் இன்றும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆசிய நாடுகளில் பழைய முறையில் போடும் காய்கறி ஊறுகாயும் அதே வகுப்பில் இருக்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. பிறகு அதே சுகாதார ஸ்தாபனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 63 ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஒருங்கே பரிசீலித்து 2024-ல் ஒரு முடிவு வெளியாயிற்று. செல்போன் உபயோகத்துக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை; பத்து வருஷங்களுக்கு மேல் உபயோகித்தவர்களிடையிலும் காணப்படவில்லை என்பதே அம்முடிவு. விஞ்ஞானம் கடைசி வார்த்தை சொல்லி ஓய்ந்துவிடுவதில்லை; ஆராய்ச்சி தொடரத்தான் வேண்டும். ஆனால் கையிலுள்ள சாட்சியத்தை மறைத்துவிட்டுச் சந்தேகத்தை மட்டும் விற்பது பொதுஜன சேவையாகாது.

சந்தேகம் விற்பனையாகும் காலத்தில் என்ன நேரும் என்பதை 2021-ல் பார்த்தோம். கொரோனாவின் இரண்டாவது அலையில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோது, 5ஜி டவர்களின் சோதனையே சாவுக்குக் காரணம் என்று வட மாகாணங்களில் ஒரு வதந்தி பரவிற்று. இந்தியாவில் 5ஜி சோதனை அப்போது எங்குமே தொடங்கியிருக்கவில்லை என்று அவ்வருஷம் மே மாதத்தில் டெலிகாம் இலாகா அறிக்கை விட நேர்ந்தது. இல்லாத டவரைக் கண்டு ஜனங்கள் நடுங்கினார்கள். பக்கத்தில் இருமினவரைக் கண்டு அவ்வளவு நடுங்கியிருந்தால் சில உயிர்களாவது பிழைத்திருக்கும்.

நிற்க. டவரையும் போனையும் பற்றிய ஓர் உண்மையை நம் தேசத் தொண்டர்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அலையின் உறைப்பு தூரத்தால் தேய்கிறது. தூரம் இரு மடங்கானால் உறைப்பு கால் பங்காகிறது. டவரின் அலையோ மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கின் ஒளியைப் போலப் பெரும்பாலும் பக்கவாட்டில் போகிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பது இங்கும் பொருந்தும். ஆகவே, பேசும்போது நம் தலையில் படும் அலையில் பெரும்பங்கு எங்கோ நிற்கும் டவரிலிருந்து வருவதல்ல. காதோடு ஒட்டியிருக்கும் போனிலிருந்தே வருகிறது. ஏரியின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிட வேண்டுமானால் உரக்கக் கத்துகிறோம். அருகிலிருப்பவனிடம் மெல்லப் பேசுகிறோம். போனும் அப்படியே. டவர் அருகிலிருந்தால் அது தன் சக்தியைக் குறைத்துக்கொள்கிறது, தொலைவிலிருந்தால் உயர்த்திக்கொள்கிறது. ஊருக்குள் டவரே கூடாது என்று விரட்டியடிப்பவர்கள், ஊரார் ஒவ்வொருவர் காதிலும் அதிக அலையைப் பாய்ச்ச வழி செய்கிறார்கள். இது அவர்கள் அறியாமல் செய்யும் அபகாரம்.

இதிலிருந்தே தற்காப்பு வழிகளும் விளங்கும். நீண்ட நேரம் பேசுவதானால் கம்பி இயர்போனையோ ஸ்பீக்கரையோ உபயோகித்து, போனைத் தலையிலிருந்து விலக்கி வைப்பது நலம். சிக்னல் ஒரு கோடாகத் தேய்ந்திருக்கும் இடத்திலும், லிப்டுக்குள்ளும், ஓடும் பஸ்ஸிலும் போன் அதிக சக்தியுடன் உழைப்பதால், அங்கே பேச்சைச் சுருக்கிக்கொள்ளலாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் போனை அதற்கு ஆறு அங்குலமாவது தள்ளி வைத்திருக்க வேண்டும். சட்டைப் பையில் வைக்கலாகாது. நட்சத்திரக் குறி, ஹாஷ் குறி, 07, மறுபடி ஹாஷ் குறி என்று போனில் அழுத்தினால், பெரும்பாலான போன்கள் தம் எஸ்.ஏ.ஆர். எண்ணைத் திரையில் காட்டும். 1.6-க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிஷம் போதும்.

ஆனால் நம் வாலிபர்களைக் கொல்வது அலை அல்ல என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 2021-ம் வருஷத்தில் மட்டும், வண்டி ஓட்டும்போது செல்போன் உபயோகித்ததால் இந்தியாவில் 1,997 விபத்துக்கள் நேர்ந்து 1,040 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் சாலைப் போக்குவரத்து இலாகாவே கணக்குக் கொடுத்திருக்கிறது. கன்டெய்னர் லாரிகளும் கம்பெனி பஸ்களும் நெருக்கியடித்து ஓடும் ஒரகடம் சாலையில், இரவு ஷிப்டு முடித்துத் தூக்கக் கலக்கத்துடன் திரும்பும் பையன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அவனை எந்த எஸ்.ஏ.ஆர். எண் காப்பாற்றப் போகிறது? கையில் போனுடன் வண்டி ஓட்டுவதை 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்தாவது, வீட்டில் காத்திருக்கும் தாயை நினைத்தாவது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசட்டும்.

அடுத்த அபாயம் பேட்டரி. 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி, வேறொரு கம்பெனி செய்து கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும் என்று உலகத்துக்கு எச்சரிக்கை விடுத்தது. அதாவது, போனில் அஞ்சத்தக்க சூடு அலையினால் வருவதல்ல. பேட்டரிக்குள் அடைந்திருக்கும் சூடேயாகும். தலையணைக்கடியில் சார்ஜ் போடுவதும், சார்ஜில் இருக்கும்போதே காதில் வைத்துப் பேசுவதும், உப்பிய பேட்டரியை அழுத்திப் பொருத்துவதும், இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் பதிவு எண் இல்லாத மலிவுச் சார்ஜரை வாங்குவதும் விபத்தை விலைகொடுத்து அழைப்பதாகும். ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுக்கும் ஹாஸ்டல்களில், ஒரே பிளக்கில் ஐந்தாறு சார்ஜர்களை மாட்டும் பழக்கத்தை ஹாஸ்டல் நடத்துவோர் இனியும் பார்த்துக்கொண்டிருக்கலாகாது.

இனி, சர்க்காருக்கும் முதலாளிகளுக்கும் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம். டவர்களின் கதிர்வீச்சு அளவைப் பொதுஜனங்கள் தெரிந்துகொள்வதற்காக 2017 மே மாதத்தில் டெலிகாம் இலாகா தரங் சஞ்சார் என்ற இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒருவர் வசிக்கும் இடத்துக்கே வந்து அளந்து சொல்ல 4,000 ரூபாய் கட்டணம் வைத்தார்கள். ஒரு தொழிலாளி தன் பயம் நியாயமானதா என்று அறிய 4,000 ரூபாய் கட்டுவானா? ஊராட்சி மன்றம் கேட்டால் கட்டணமின்றி அளந்து, அந்த அளவைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும் என்று நாம் கோருகிறோம். அளந்த எண் ஒன்று கண்ணெதிரே இருந்தால் வதந்திக்கு வேலை இராது. வரம்பு மீறின கம்பெனிக்குத் தப்ப வழியும் இராது. டவரை எதிர்த்துக் கோஷம் போடும் நம் தொண்டர்கள், முதலில் இந்த அளவைக் கேட்டுக் கிளர்ச்சி செய்யட்டும்.

போன் கம்பெனிகளுக்கும் ஒரு கேள்வி. எஸ்.ஏ.ஆர். என்றால் என்ன, பேட்டரியை எப்படிப் பேண வேண்டும் என்பவற்றைப் படப்பைவாசி படித்தறியக்கூடிய தமிழில் விளக்கும் காகிதம் எத்தனை பெட்டிகளில் இருக்கிறது? தமிழ்ப் பெண்ணின் விரல்கள் பொருத்திய போன், அதே ஊர்க் கடையில் அவள் தகப்பனாருக்கு விற்கப்படும்போது, அவருக்குப் புரியாத பாஷையில் எச்சரிக்கை கொடுப்பது என்ன நியாயம்?

சுயராஜ்யம் கிடைத்து முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பொருளை நாமே செய்யத் தொடங்கிவிட்டோம், அதற்காகப் பெருமைப்படுகிறோம். ஆயினும் செய்யும் பொருளின் குணத்தையும் தோஷத்தையும் செய்கிறவனே அறியாதிருந்தால் அது அரைச் சுதேசியமே. போஸ் மணியை ஒலிக்கச் செய்த தேசத்தில், அந்த அலையைப் பேய் பிசாசாக எண்ணி நடுங்கவும் வேண்டாம்; விளையாட்டுப் பொருளாக எண்ணி உயிரைப் பணயம் வைக்கவும் வேண்டாம். நாளை காலை படப்பையில் பஸ் ஏறும் ஒவ்வொருவரும் மாலையில் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதே நமது பிரார்த்தனை.