மாசமா இருக்கையிலே தூக்கம் வரலையா? மாத்திரை வாங்குமுன் இதைப் படியுங்கள்

“பகல் பூரா அசதியா இருக்கு. ராத்திரி படுத்தா கண்ணு மட்டும் மூட மாட்டேங்குது” என்று கர்ப்பிணித் தாய்மார்கள் பலர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்வதுண்டு. வீட்டில் சொன்னால், “புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது ஓரளவுக்குச் சரிதான். கர்ப்ப காலத்தில் தூக்கம் கெடுவது சகஜம். ஆனால் அதற்கெல்லாம் காரணம் உண்டு; பல காரணங்களை வீட்டிலேயே சரி செய்து கொள்ளவும் முடியும்.

ஆபத்து வேறு வழியாக வருகிறது. மனைவி படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காத கணவர், டவுனுக்குப் போன இடத்தில் மருந்துக் கடையில் “தூக்கத்துக்கு ரெண்டு மாத்திரை குடுங்க” என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். யாருக்கு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, இவரும் சொல்வதில்லை. சில வீடுகளில் மாமியாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும் நடக்கிறது. இந்தப் பாதி மாத்திரையைப் பற்றித்தான் உங்கள் இருவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

தூக்கம் ஏன் கெடுகிறது?

முதல் மூன்று மாதங்களில் உடம்பில் ஹார்மோன்கள் அதிகமாகச் சுரப்பதால் பகலில் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வரும். ராத்திரியில் அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்திருக்க வேண்டியிருக்கும். நடு மாதங்களில் பலருக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். ஏழாம் மாதத்துக்கு மேல் கருப்பை பெரிதாகிச் சிறுநீர்ப் பையைக் கீழே அழுத்தும், இரைப்பையை மேலே தள்ளும். மறுபடி எழுந்து எழுந்து போவதும், நெஞ்சு எரிச்சலும், புளித்த ஏப்பமும் அதனால்தான்.

ராத்திரிச் சாப்பாட்டைக் காரம், எண்ணெய் குறைத்து, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். மாலை 4 மணிக்கு மேல் காப்பியும் டீயும் வேண்டாம். தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்துவிட்டு, படுக்கும் நேரத்தில் மட்டும் குறையுங்கள். “எந்திரிச்சு எந்திரிச்சுப் போகணுமே” என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரில் கிருமி தொற்றி, இன்னும் அதிகமாக எழுந்திருக்க வேண்டி வரும். ஒன்றுக்குப் போகும்போது கடுத்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

படுப்பதிலும் விஷயம் இருக்கிறது. 28 வாரம் ஆனபின் மல்லாந்து படுத்துத் தூங்கக் கூடாது. கருப்பையின் பாரம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்துவதால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் என்றால் நல்லது. பழைய சேலையை மடித்து வயிற்றுக்கு அடியில் ஒன்றும், முழங்கால்களுக்கு இடையில் ஒன்றும் வைத்துக்கொண்டால் இடுப்பு வலி குறையும். நடு ராத்திரியில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பயப்பட வேண்டாம், திரும்பிப் படுத்துக்கொண்டால் போதும்.

கெண்டைக்கால் சதை திடீரென்று இழுத்துப் பிடித்துக்கொண்டால், கால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல வளைக்க வேண்டும். வயிற்றோடு அவரால் குனிந்து எட்ட முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் கணவர் எழுந்து செய்ய வேண்டிய வேலை இது.

கால் குடைச்சல் வேறு. படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும், காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுகம் போலவும் தோன்றும். எழுந்து நடந்தால் விடும், படுத்தால் மறுபடி வரும். இரும்புச் சத்துக் குறைவோடு இதற்குச் சம்பந்தம் உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று பொருள். அரசு நிலையங்களில் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் சாப்பிட வேண்டும். “மலம் கறுப்பாப் போகுது” என்று பயந்து மாத்திரையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. கறுப்பாகப் போவது அந்த மாத்திரையின் இயல்பு, கெடுதல் இல்லை. டீயோடும் காப்பியோடும் மட்டும் போடாதீர்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போடுங்கள். தூக்க மாத்திரை தேடி அலைந்த சிலருக்கு வேண்டியிருந்தது இந்த மாத்திரைதான்.

தூக்க மாத்திரை வயிற்றுக் குழந்தைக்கும் போகும்

தாய் விழுங்கும் தூக்க மாத்திரை, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்திலும் கலக்கிறது. உலகம் இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மிகவும் பத்திரமானது என்று விளம்பரம் செய்தார்கள். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது. தூக்கத்துக்கும் மசக்கை வாந்திக்கும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிட்டார்கள். கைகால் வளராமல் குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. 1961 நவம்பரில் அங்கே மருந்தைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பத்தாயிரத்துக்கும் மேல். அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்த டாக்டர் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அம்மையார், போதிய ஆதாரம் காட்டவில்லை என்று அனுமதி தர மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது.

அந்த மருந்து கெடுதல் செய்த காலத்தைக் கவனியுங்கள். கடைசியாகத் தீட்டு வந்த நாளிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரை. “நாள் தள்ளிப் போயிருக்கே, இருக்குமோ, இருக்காதோ” என்று பெண்கள் யோசித்துக்கொண்டிருக்கிற நாட்கள் இவை. ஆகையால் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெண் எந்த மாத்திரை வாங்கினாலும், “எனக்கு நாள் தள்ளியிருக்கு” என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

இப்போது தூக்கத்துக்கு என்று வாங்கப்படுபவை வேறு. டையசிபாம், அல்ப்ரசோலம், நைட்ரசிபாம் போன்றவை தாலிடோமைடு போலக் கைகால்களைச் சிதைப்பவை அல்ல. அதற்காகச் சாதாரணமாக நினைத்துவிடவும் கூடாது. பிரசவ காலத்தை ஒட்டித் தொடர்ந்து சாப்பிட்டால் குழந்தை துவண்டு போய்ப் பிறக்கலாம். மூச்சு விடத் திணறலாம். பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் இருக்கலாம். மருந்து நின்றுபோனதால் நடுக்கமும் ஓயாத அழுகையும் வரலாம். தாய்க்கும் தலை சுற்றும். இருட்டில் கொல்லைப்புறம் போகையில் விழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. 2014 முதல் இந்த மாத்திரைகளை டாக்டர் சீட்டுப் பார்த்துத்தான் விற்க வேண்டும், வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்வதாக எண்ண வேண்டாம்.

“இங்கிலீஷ் மருந்துதானே சூடு, நம்ம நாட்டு மருந்து ஒண்ணும் செய்யாது” என்று சாதிக்காயை உரைத்துப் பாலில் கொடுப்பதும், அமுக்கராப் பொடி கொடுப்பதும், கசகசாவை அரைத்துக் குடிக்கச் சொல்வதும் உண்டு. குழம்பில் வாசனைக்குச் சேர்ப்பது வேறு, தூக்கத்துக்கு மருந்தாகக் குடிப்பது வேறு. கர்ப்பிணிக்கு இவற்றை மருந்தாகக் கொடுக்காதீர்கள். “ஒரு மூடி பிராந்தி” என்கிற யோசனை சொல்வாரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சும்மா வெதுவெதுப்பான பால் ஒரு தம்ளர் குடிக்கலாம்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டால்?

கர்ப்பம் என்று தெரியாமல் ஒன்றிரண்டு மாத்திரை சாப்பிட்டவர்கள் பயந்துபோய்க் கருவைக் கலைக்க ஓட வேண்டாம். குழந்தை ஊனமாகத்தான் பிறக்கும் என்று முடிவு கட்டவும் வேண்டாம். மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.

மாதக் கணக்கில் தினமும் சாப்பிட்டு வருகிறவர்கள், இதைப் படித்த கையோடு மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும், சிலருக்கு வலிப்பும் வரும். டாக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். வலிப்பு நோய்க்கோ மன நோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்களும் தாமாக நிறுத்தக் கூடாது. நோய் திரும்பினால் அது குழந்தைக்கு அதிகக் கெடுதல். நிலைமையைப் பார்த்து டாக்டரே குறைந்த அளவில் சில நாட்களுக்குத் தூக்க மருந்து எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவில் சொன்ன நாள் வரை சாப்பிடலாம். மசக்கை வாந்திக்கு அவர் தரும் மாத்திரை கொஞ்சம் தூக்கக் கலக்கம் தரும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

கணவருக்குச் சில வார்த்தை

ராத்திரி 11 மணிக்குக் கண் அயர்ந்த கர்ப்பிணி, விடிகாலை 4 மணிக்குத் தண்ணீர் பிடிக்கவும் மாடு கறக்கவும் எழுந்தால் எந்த மருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் குடத்தை நீங்கள் எடுங்கள். ஊரில் நாலு பேர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மதியம் 3 மணிக்குள் அரை மணி நேரம் அவர் படுக்க வழி செய்யுங்கள். படுக்கிற இடத்தில் டி.வி. சத்தமும் செல்போன் வெளிச்சமும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள்.

மனசு அடங்காமல் தூங்க முடியாது. பிரசவ வலியை நினைத்துப் பயம், ஆஸ்பத்திரியை நினைத்துப் பயம். பிரசவம் நடக்கப் போகும் நிலையத்துக்கு ஒரு நாள் முன்கூட்டியே கூட்டிப் போய்க் காட்டினால் பாதிப் பயம் போய்விடும். “இதுவும் பொண்ணாப் போயிடுமோ” என்று வீட்டில் பேசும் பேச்சு பல பெண்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. இதை உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், உங்கள் மனைவி அல்ல.

படுத்து நெடுநேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டே கிடக்க வேண்டாம். எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்து, கண் சொக்கும்போது மறுபடி படுக்கலாம். மணியைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். ஓரிரு ராத்திரித் தூக்கம் போனதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது.

காத்திருக்கக் கூடாத நேரம்

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லை, அழுகையும் நிற்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், மருத்துவம் உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்து, தடிப்பு எதுவும் இல்லாவிட்டால் கல்லீரல் கோளாறாக இருக்கலாம், மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், குழந்தையின் அசைவு குறைதல், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஆகிய எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108க்குப் போன் செய்யுங்கள். போகும்போது கர்ப்பிணிப் பதிவு அட்டையோடு, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.