கையுறைக்குள் ரப்பர் பந்து! சாமர்த்தியமா? மோசடியா?

டீக்கடை முதல் லண்டன் வரை ஓயாத வழக்கு

திருமுக்கூடல்,-

மட்டை பிடிக்கிறவர் தன் கையுறைக்குள் ஒரு ரப்பர் பந்தைச் செருகிக்கொண்டு ஆடலாமா? ஆடி செஞ்சுரி அடித்தால் அந்த ரன் செல்லுமா, செல்லாதா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்த ஊர்ப் பக்கம், டீக்கடைப் பெஞ்சில் கிரிக்கெட் பேச்சு வந்துவிட்டால் போதும். இந்தக் கேள்வி எப்படியும் தலையை நீட்டும். "விதியில இல்லாதது தப்பு இல்ல" என்று ஒரு கட்சி. "நாலு பேருக்குத் தெரியாம செஞ்சா அது திருட்டுத்தான்" என்று எதிர்க்கட்சி.

வீண் அரட்டை என்று தள்ளிவிட முடியாது. ஊருக்கு ஊர் டோர்னமெண்ட் நடக்கிறது. நுழைவுக்கட்டணம் உண்டு, கப் உண்டு, ரொக்கப்பரிசும் உண்டு. பேட்டைப் பார்த்து ஒருவர் முணுமுணுத்தால் ஆட்டம் அரைமணி நேரம் நிற்கிறது. சில நேரம் அதோடு முடிந்தும் போகிறது.

பெரிய இடத்திலேயே இந்தத் தகராறு வந்தது. அதன் விவரம் வருமாறு:-

104 பந்தில் 149!

2007-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி. பார்படோஸ் தீவில் பிரிட்ஜ்டவுன் மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, மறு பக்கம் இலங்கை.

மழை காரணமாக ஆட்டம் 38 ஓவராகக் குறைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தொடக்க வீரர் ஆடம் கில்கிறிஸ்ட் இறங்கினார். விளாசித் தள்ளினார். 104 பந்தில் 149 ரன். அதில் 8 சிக்சர், 13 பவுண்டரி. நம் தமிழர் முரளிதரனின் சுழலும் அன்று எடுபடவில்லை.

72 பந்தில் செஞ்சுரி வந்ததும் கில்கிறிஸ்ட் பேட்டைத் தூக்கினார். பிறகு தன் கையுறையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

கையுறைக்குள் இருந்தது ஒரு ஸ்குவாஷ் பந்து! சின்ன எலுமிச்சம்பழ அளவுள்ள, உள்ளே வெற்றிடமான ரப்பர் பந்து.

எதற்கு அந்தப் பந்து?

கில்கிறிஸ்ட் இடக்கை ஆட்டக்காரர். பேட்டின் பிடியில் அவருடைய இடது கை கீழே இருக்கும். கீழ்க் கை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தால் பேட் கோணிக்கொண்டு போகும். பந்து நேராகப் போகாமல் வளைந்து உயரே கிளம்பும்.

உள்ளங்கைக்கும் பிடிக்கும் நடுவே பந்து இருந்தால் இறுக்க முடியாது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே வேலை செய்யும். பேட் நேராக இறங்கும். பெர்த் நகரத்துப் பயிற்சியாளர் பாப் மியூலமன் சொல்லிக் கொடுத்த உபாயம் இது. அவருக்குச் சேதி சொல்லத்தான் கையுறையைக் காட்டினார் கில்கிறிஸ்ட்.

பந்துக்குள் விசையும் இல்லை, மருந்தும் இல்லை. அடித்த பந்து அதனால் ஒரு அங்குலம்கூடக் கூடுதலாகப் பறக்காது. அது செய்த வேலை ஒன்றுதான்: ஆட்டக்காரரின் கெட்ட பழக்கத்தைத் தடுத்தது.

கொழும்பில் கொதிப்பு

ஆஸ்திரேலியா 4 விக்கெட்டுக்கு 281. இலங்கை 36 ஓவரில் 8 விக்கெட்டுக்கு 215. டக்வொர்த்-லூயிஸ் கணக்குப்படி 53 ரன்னில் தோல்வி. கோப்பை போன வயிற்றெரிச்சலில் இருந்த ரசிகர்களுக்கு ரப்பர் பந்துச் செய்தி நெருப்பில் எண்ணெய் ஆயிற்று.

இலங்கை கிரிக்கெட் அமைப்பின் செயலாளராக அப்போது இருந்தவர் கங்காதரன் மதிவாணன். கில்கிறிஸ்ட் செய்தது நெறிக்கு விரோதம் என்று அவர் வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார்.

விவகாரம் லண்டனுக்குப் போயிற்று. கிரிக்கெட் விதிகளை எழுதும் எம்.சி.சி. ஆராய்ந்து பதில் சொன்னது: விதியும் மீறப்படவில்லை, ஆட்டத்தின் தர்மமும் மீறப்படவில்லை. வழக்கு தள்ளுபடி!

இன்னொரு சேதியையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. 2003 உலகக் கோப்பை அரையிறுதியில் இதே இலங்கைக்கு எதிராக அம்பயர் "அவுட் இல்லை" என்ற பிறகும், பந்து தன் பேட்டில் பட்டது தெரிந்து, தானாகவே பெவிலியனுக்கு நடந்தவர் இதே கில்கிறிஸ்ட்தான்.

ஸ்பிரிங் பேட் புரளி

அதே 2003-ல் நம் ஊரில் ஒரு புரளி கிளம்பியது. மார்ச் 23-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலிய கேப்டன் பாண்டிங் ஆட்டமிழக்காமல் 140 ரன் அடித்து இந்தியாவைத் தவிடுபொடி ஆக்கினார். 125 ரன்னில் தோல்வி.

"பாண்டிங் பேட்டுக்குள்ள ஸ்பிரிங் இருந்துச்சாம்! மேட்சைத் திரும்ப நடத்தப் போறாங்களாம்!" பள்ளிக்கூடத்துப் பையன் முதல் பஸ் கண்டக்டர் வரை பேசாதவர் இல்லை. ஸ்பிரிங்கும் இல்லை, மறு ஆட்டமும் இல்லை. அத்தனையும் கட்டுக்கதை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், பிற்பாடு பாண்டிங் பேட்டில் நிஜமாகவே ஒரு சங்கதி சிக்கியது. பேட்டின் முதுகில் கிராபைட் பட்டை ஒட்டியிருந்தது. அது விதிக்கு ஒவ்வாது என்று எம்.சி.சி. சொன்னதும், 2006-ல் அந்த ரக பேட்டைக் கம்பெனியே வாபஸ் வாங்கிக்கொண்டது. அதற்கு முன் அடித்த ரன்னை யாரும் கழிக்கவில்லை.

அலுமினிய பேட்!

1979-ம் ஆண்டு டிசம்பர். பெர்த் டெஸ்ட். வேகப்பந்து வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு வந்து நின்றார். "இது பந்தைக் கெடுக்கிறது" என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி ஆட்சேபித்தார். தகராறு முற்றியது. கடைசியில் பேட்டை வீசி எறிந்துவிட்டு மரப் பேட்டை வாங்கிக்கொண்டார் லில்லி.

அலுமினியம் கூடாது என்று அன்றைக்கு விதி கிடையாது. அதன் பிறகே, பேட்டின் அலகு மரமாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள்.

இந்தச் சண்டைக்கு வயது இருநூற்றைம்பதுக்கு மேல். 1771-ல் இங்கிலாந்தில் ஒயிட் என்பவர் ஸ்டம்பு இரண்டையும் மறைக்கிற அகலத்தில் பேட் கொண்டுவந்தார். எதிர் அணியான ஹாம்பிள்டன் கொதித்தெழுந்தது. அன்று பிறந்ததுதான் நாலேகால் அங்குல அகலம். இன்றைக்கும் அதே அளவு!

ஹெய்டன் கையில் "கீரிப்பிள்ளை"

சென்னை ரசிகர்கள் மறக்காத சங்கதி ஒன்று. 2010 ஐ.பி.எல். ஆட்டத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் வீரர் மேத்யூ ஹெய்டன், பிடி நீளமாகவும் அலகு குட்டையாகவும் உள்ள "மங்கூஸ்" பேட்டை எடுத்தார். டெல்லி அணிக்கு எதிராக 43 பந்தில் 93 ரன்! பார்க்க விசித்திரம், விதிப்படி சுத்தம். நம் பக்கம் ஆடியதால் இங்கே யாரும் மோசடி என்று கூச்சல் போடவில்லை.

எதிரி செய்தால் ஏமாற்று, நம்ம ஆள் செய்தால் மூளை. இந்த நோய் எல்லா ஊரிலும் இருக்கிறது. 1977 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில், இங்கிலாந்து வீரர் ஜான் லீவர் நெற்றியில் வாஸ்லின் தடவிய துணிப்பட்டை கட்டியிருந்தார். பந்தைப் பளபளப்பாக்க நடந்த தந்திரம் என்றார் நம் கேப்டன் பேடி. கண்ணில் வியர்வை வழியாமல் இருக்கக் கட்டியது என்றது இங்கிலாந்து. அந்த விளக்கத்தை அவர்கள் நாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. சென்னை ரசிகர்கள் ஏற்கவில்லை!

நெசவாளர் சொன்ன நியாயம்

பட்டுத்தறியில் காலம் தள்ளும் காஞ்சிபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இந்த வழக்குக்கு இரண்டே வரியில் தீர்ப்புச் சொன்னார்.

"கைத்தறி மேல ஜக்கார்டு பெட்டி மாட்டி பூ போடறோம். அது ஒத்தாசை, நெய்யறது என் கைதான். விசைத்தறியில ஓட்டிட்டு கைத்தறின்னு வித்தா, அது மோசம் தம்பி!"

எந்தத் துணியைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்பதற்கு 1985-ம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கைக்குத் துணையாக வருவது வேறு. கைக்குப் பதிலாக வருவது வேறு. ரப்பர் பந்து முதல் ரகம். பாண்டிங் பேட்டில் இருந்ததாகப் புரளி பேசிய ஸ்பிரிங், நிஜமாக இருந்திருந்தால், இரண்டாவது ரகம்.

எழுதி வைத்தால் சண்டை இல்லை

திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை ஆஸ்பத்திரி, வைத்தியருக்கு எவ்வளவு, பணிப்பெண்களுக்கு எவ்வளவு என்று 11-ம் நூற்றாண்டிலேயே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். நெல் அளவில் பின்னால் தகராறு வரக்கூடாது என்பதற்காக!

கிரிக்கெட்டும் அந்த வழிக்கு வந்திருக்கிறது. 2017 அக்டோபர் முதல் பேட்டின் அகலம் 108 மில்லிமீட்டர், கனம் 67, விளிம்பு 40-க்கு மேல் போகக்கூடாது. 2025 ஐ.பி.எல்.லில் அம்பயர்கள் மைதானத்திலேயே அளவுச் சட்டத்துக்குள் பேட்டை நுழைத்துப் பார்த்தார்கள். நுழையாத பேட் வெளியே!

உள்ளூர் டோர்னமெண்ட் நடத்துகிறவர்களுக்கு லண்டன் வரை போகத் தேவையில்லை. ஒரு தகரத் துண்டில் பேட் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டால் போதும். கையுறைக்குள் என்ன வைக்கலாம், பேட்டில் என்ன சுற்றலாம் என்று நோட்டீசிலேயே நாலு வரி அச்சடித்துவிடலாம்.

சோதனை போடுவதை டாசுக்கு முன்னால் போட வேண்டும். தோற்ற பிறகு எதிரியின் கையுறையைத் தடவிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை!