பழைய புல்லட்டுக்குப் புத்துயிர் – 4: துருவின் பிடி

சென்ற வாரம் எஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, மேசைமீது மரக்கட்டைகளுக்கிடையே அசையாமல் நிறுத்தி, வெளிப்புறத்து அழுக்கை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு அகற்றியதோடு நிறுத்தியிருந்தோம். இனிச் செய்யப்போகும் காரியம் இந்தத் தொடரிலேயே மிகுந்த நிதானத்தை வேண்டுவது: பல்லாண்டுகள் நகராமல் சிலிண்டருக்குள் இறுகிக் கிடக்கும் பிஸ்டனை, அதற்கும் அதனுடன் பிணைந்துள்ள மற்ற உறுப்புகளுக்கும் சேதம் நேராதபடி விடுவிப்பது. இப்படி இறுகிப்போன எஞ்சின்களைப் பிரித்து வைத்து, அவற்றில் பழுதானவை எவையெவை என்று ஒவ்வொன்றாகக் கவனித்தால், துரு தின்றது சொற்பமாகவும், மீட்க வந்தவரின் அவசரம் முறித்தது அதிகமாகவும் இருக்கக் காணலாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

எஞ்சின் பிடித்துக்கொண்டது என்று நாம் பொதுவாகச் சொல்வது இருவேறு விபத்துகளைக் குறிக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் வற்றிப்போய், அல்லது எண்ணெய்ப் பம்பு வேலை செய்யாமல் போய், அளவுக்கு மீறிய உஷ்ணத்தில் அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரின் சுவரோடு உரசி ஒட்டிக்கொள்வது ஒருவகை. அதில் உலோகம் உலோகத்தைக் கிழித்திருக்கும், பிஸ்டனின் பக்கங்களில் நெடுக்கே பளபளக்கும் கீறல்கள் இருக்கும். நன்றாக ஓடிய வண்டியை ஒருநாள் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அப்பாவுக்குப் பின் மகனும் அதைத் தொடாமல் விட்டதால், வார்ப்பிரும்புச் சிலிண்டரும் வார்ப்பிரும்பு வளையங்களும் ஒன்றோடொன்று துருவால் பிணைந்துவிடுவது மற்றொரு வகை. இரும்பு துருவாகும்போது, தான் முன்பு அடைத்திருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். வளையமோ சுவரோடு இடைவெளியின்றி ஒட்டியே நிற்பது. ஆகையால் அங்கே பிறக்கும் துரு, ஆப்பு அடித்ததுபோல் இரண்டையும் இறுக்கிவிடுகிறது. நம் மேசைமீதுள்ளது இந்த இரண்டாம் வகை. முன்னதைக் காட்டிலும் இது எத்தனையோ மேல் என்று தைரியமாகச் சொல்லலாம்.

துருவுக்கு வேண்டிய ஈரம் உள்ளே எப்படிப் புகுந்தது என்று கேட்கலாம். நான்கு வீச்சு எஞ்சின் நிற்கக்கூடிய பெரும்பாலான நிலைகளில், இரண்டு வால்வுகளில் ஒன்றாவது சற்றே திறந்திருக்கும். அந்த வாயில் வழியே, புகைக்குழாயின் மூலமாகவோ கார்புரேட்டரின் மூலமாகவோ, கடலோர ஊர்களின் உப்புக் காற்று மழைக்காலந்தோறும் உள்ளே போய் வரும். வெளியிலிருந்து வருவதே போதுமானது. அதற்குமேல், எஞ்சின் தானே உண்டாக்கும் நீரும் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓடினால் அந்த ஆவி புகையோடு வெளியேறிவிடும். சூடேறுமுன் நிறுத்திவிட்டால் உள்ளேயே குளிர்ந்து நீராகிப் படியும். பழைய வண்டி வைத்திருப்போர் பலர், வாரம் ஒருமுறை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவதை ஏதோ புண்ணிய காரியமாக எண்ணிச் செய்கிறார்கள். அப்படிச் செய்வதைவிட, பிளக் துவாரத்தில் சிறிது எண்ணெய் விட்டுச் சும்மா நிறுத்தி வைப்பதே நலம்.

இறுகிய எஞ்சினைக் கண்டதும் யாருக்கும் முதலில் தோன்றுவது கிக்கர்மேல் ஏறி நின்று பார்ப்பது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கிக்கரின் பல்சக்கரங்களும் ராட்செட்டும் ஓர் ஆளின் முழு எடையைத் திரும்பத் திரும்பத் தாங்குவதற்காக அமைந்தவை அல்ல. எதிர்முனையில் பிஸ்டன் அசைய மறுக்கும்போது அந்தப் பலமெல்லாம் ஒரு பல்லின் நுனியில் வந்து விழும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடிக் கியரில் போடுவதும் அதே தவறுதான். அதில் முறிவது கியர்ப்பெட்டிக்குள்ளிருக்கும் பல்லாக இருக்கும்.

செய்ய வேண்டியது இது. ராக்கர் மூடிகளையும் ராக்கர்களையும் எடுத்துவிட்டு, புஷ் ராடுகளை உருவி, எது எங்கே இருந்தது என்று அட்டையில் துவாரமிட்டுச் செருகி எழுதி வையுங்கள். ஹெட்டின் நட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், குறுக்கும் மறுக்குமாக, கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள். அலுமினிய ஹெட் நெளியாதிருக்க இது அவசியம். ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் வாய் திறந்துகொள்ளும். புல்லட்டின் சிலிண்டர் நிமிர்ந்தே நிற்பது நமக்கு ஒரு பாக்கியம். பிஸ்டனின் தலையே கிண்ணத்தின் அடிப்பாகம் ஆகிவிடுகிறது. கரியையும் உதிர்ந்த துருவையும் மரக்குச்சியால் சுரண்டித் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, தானியங்கிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதியாகக் கலந்த கலவையை ஒரு விரற்கடை உயரத்துக்கு ஊற்றுங்கள். அசிட்டோன் எண்ணெயை நீர்க்கச் செய்து மிக நுண்ணிய இடுக்குகளுக்குள்ளும் இழுத்துச் செல்லும். பிறகு அது ஆவியாகிவிட, எண்ணெய் மட்டும் தங்கிவிடும். இது கிடைக்காத ஊரில் டீசலும் பயன்படும், சற்று மெதுவாக. அசிட்டோன் ஆவியானபின் தங்கும் எண்ணெயின் மட்டத்தைச் சிலிண்டர் சுவரில் பென்சிலால் ஒரு கோடிட்டுக் குறித்துவிடுங்கள்.

அந்தக் கோட்டைத்தான் இனி நாள்தோறும் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் நடவாததுபோலவே தோன்றும். பிறகொரு காலையில் மட்டம் கோட்டுக்குக் கீழே நகத்தின் பருமன் அளவு இறங்கியிருக்கும்; சுவரோரத்தில் காவி நிறத்தில் ஒரு மெல்லிய வட்டம் தெரியும். எண்ணெய் வளையங்களைத் தாண்டிக் கீழே போக வழி கண்டுகொண்டது என்பதற்கு அதுவே சாட்சி. குறைந்த அளவுக்கு மறுபடி ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். கொதிக்கும் நீரில் நனைத்த கனத்த துணியைச் சிலிண்டரின் வெளிப்புறத்து இதழ்கள்மேல் சுற்றிச் சூடேற்றி ஆறவிடுவதும் நல்ல உபாயம். இரும்பைக் காட்டிலும் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், சூடும் குளிருமாக மாறி மாறி வரும்போது இடையிலுள்ள துரு நொறுங்குகிறது. நெருப்பு ஜ்வாலையை மட்டும் அருகில் கொண்டுவராதீர்கள். அசிட்டோன் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஓரிடத்தில் மட்டும் காய்ந்த வார்ப்பிரும்பு இதழ் விண்டுபோகும்.

காத்திருக்கும் இவ்வேளையில், கைமேலுள்ள எஞ்சினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1949-ல் விற்பனைக்கு வந்த புல்லட்டின் உருவமே இது: 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபித்து, திருவொற்றியூரில் இதைத் தயாரிக்கத் தொடங்கின; முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த உறுப்புகளைக் கோத்தார்கள், பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்தார்கள். தாய்க்கம்பெனி 1970-ல் இங்கிலாந்தில் மறைந்துவிட்ட பிறகும் திருவொற்றியூரில் இந்த வார்ப்பிரும்பு எஞ்சின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து பிறந்துகொண்டிருந்தது. அதன் பயனை நாம் இன்று அனுபவிக்கிறோம். அதே வயதுள்ள வேறெத்தனையோ வண்டிகளுக்குப் பிஸ்டன் கிடைக்காமல் உலகெங்கும் அலைகிறார்கள். இதற்கோ சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் கேட்ட அளவில் கிடைக்கிறது. ஆனபோதிலும் கிராங்க் கேஸின் இரு பாதிகளையும் கண்ணின் மணியாகப் பாதுகாக்க வேண்டும். அவை ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒன்று உடைந்தால் கடையில் வாங்கும் வேறொரு பாதி இதனோடு சரியாக இணையாது. எஞ்சின் எண் பொறிக்கப்பட்டிருப்பதும், பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கப்படுவதும் அந்தக் கேஸில்தான்.

எண்ணெய் கீழிறங்கத் தொடங்கிய பிறகே பலத்தைப் பிரயோகிக்கலாம், அப்போதும் அளவோடு. இடப்பக்கத்துப் பிரைமரி மூடியைத் திறந்து, கிராங்க் தண்டின் நட்டில் நீண்ட பிடியுள்ள ஸ்பானரை மாட்டி, முன்னும் பின்னுமாக ஆட்டிப் பாருங்கள். ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பின்னே என்று ஆடும்போதுதான் நொறுங்கிய துரு எண்ணெயில் கலந்து விலகுகிறது. அதற்கும் இசையாவிட்டால், நன்கு காய்ந்த கருவேலங்கட்டையை லேத்தில் 68 மில்லிமீட்டர் உருளையாகக் கடைந்து பிஸ்டனின் தலைமீது நிறுத்தி, மரச்சுத்தியால் தட்டலாம். இரும்புச் சுத்தி கூடாது. கட்டையின்றி நேரடியாகப் பிஸ்டனில் தட்டுவதும் கூடாது.

தட்டுமுன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். அது சிலிண்டரின் நடுவில் நின்றால், மேலிருந்து விழும் அடி கனெக்டிங் ராடின் சாய்வு வழியே கிராங்கைச் சுழற்றும். உச்சியிலோ அடியிலோ நின்றாலோ, ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால், எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் கிராங்க் சுழலாது. அடி முழுவதும் கிராங்க் பின்னிலும் அதைச் சூழ்ந்த புஷ்ஷிலும் இறங்கி அவற்றை நசுக்கும். அந்நிலையில் சுத்தியைத் தொடவே வேண்டாம். எண்ணெயும் ஸ்பானரும் நாட்களுமே துணை.

பிஸ்டன் நகர்ந்ததும் உற்சாகத்தில் முழுச் சுற்றும் சுற்றிவிடத் தோன்றும். துரு படிந்த சுவர்மேல் வளையங்களை ஓட்டினால் அவை முறியும், சுவரும் கீறும். கொஞ்சம் நகர்த்தி, துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் நகர்த்துவதே முறை. பிறகு சிலிண்டரைத் தூக்க வேண்டும். இங்கே புல்லட்டைப் புதிதாகப் பிரிப்பவர்கள் கவனிக்கத் தவறும் ஒரு நட்டு இருக்கிறது: வலப்பக்கத்தில் டாப்பெட் மூடியைக் கழற்றினால், அந்த அறைக்குள்ளே ஒளிந்திருக்கும். அதைக் கழற்றாமல் சிலிண்டரை நெம்பினால் கீழ் விளிம்பு தெறித்துவிடும். சிலிண்டரைப் பாதி தூக்கியவுடனேயே கிராங்க் கேஸின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் உள்ளே விழுந்தால், அதை எடுப்பதற்காகவே கேஸ் முழுவதையும் பிரிக்க நேரிடும்.

சிலிண்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வளையங்கள் நின்ற இடத்தில் கறுத்த கோடுகள் சுற்றிலும் ஓடும். விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்தால், கறை மட்டுமாயின் நகம் வழுக்கிச் செல்லும். குழியாயின் தட்டி நிற்கும். கறை ஹோனிங் கல்லுக்குப் போய்விடும். குழிக்குப் போர் போட வேண்டும். நான் எடுத்துச் சென்ற சிலிண்டரை லேத் பட்டறையின் முதிய டர்னர் ஜன்னலோரம் கொண்டுபோய், அளவுமானியை மேலும் நடுவிலும் கீழுமாக, ஒவ்வோரிடத்திலும் இரு திசைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இருபது தௌவிலேயே குழியெல்லாம் போயிடும். முதல்லே பிஸ்டனை வாங்கிட்டு வாங்க, பிஸ்டனை அளந்துட்டுத்தான் நான் போர் போடுவேன்" என்றார். (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பிப் போர் போட்டுவிட்டுப் பிறகு பிஸ்டனைத் தேடுகிற பட்டறைகளும் இருக்கின்றன, அங்கே கொடுக்காதீர்கள். சிலிண்டரிலிருந்து எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க முடியாது. இருபது தௌ போதுமென்றிருக்க இன்றே நாற்பதுக்குப் போய்விட்டால், இன்னும் எத்தனையோ ஆண்டுகள் ஓடவேண்டிய சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கை வீணாக்கியவர்களாவோம்.

புதிய வளையங்களை அப்படியே பிஸ்டனில் மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் தனியே சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனின் தலையால் சமமாகத் தள்ளி, இரு முனைகளுக்கும் இடையேயுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அங்குல விட்டத்துக்கு நான்கு தௌ என்பது பழைய கணக்கு. நம் சிலிண்டருக்கு ஏறக்குறைய பதினொன்று வரும். குறைந்தால் மென்மையான அரத்தால் முனையைத் தேய்த்துக்கொள்ளலாம். இதை அலட்சியம் செய்தால், சூடேறியதும் முனைகள் முட்டி வளையம் முறியும்.

துருவைப் போக்கும் திரவங்களைப் பற்றி வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். எலுமிச்சை உப்புக் கரைசல் இரும்பு உறுப்புகளுக்கு ஏற்றது; எடுத்தவுடன் சமையல் சோடா கரைத்த நீரில் அலசித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். கழிவறை சுத்தம் செய்யும் ஆசிட்டை எஞ்சினின் எந்த உறுப்புக்கும் காட்டாதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும். ஹெட்டும் கேஸும் அதில் ஒருபோதும் நனையக்கூடாது.

போர் போட்ட சிலிண்டரைச் சோப்பும் வெந்நீரும் விட்டு, வெள்ளைத் துணியில் கறை ஒட்டாமல் போகும்வரை தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் ஓர் இரவு போதும், புதிய சுவரில் துரு பூத்துவிட. அடுத்த வாரம் டைமிங் கவரைத் திறந்து, இரண்டு எண்ணெய்ப் பம்புகளையும், கிராங்குக்கு எண்ணெய் போகும் வழியையும் பரிசோதிப்போம். ஆர்வத்தில் அதற்கு முன்பே திறந்துவிடும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பம்பை ஓட்டும் புழுப்பல் திருகு, கிராங்க் தண்டின் நுனியில் இடப்புற மரையில் ஏறியிருக்கிறது, அது வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றி யாரும் அதை முறித்துவிட வேண்டாம்.

(தொடரும்)