கம்பிக்குள் புகுந்த கள்ளத் துடிப்பு

பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் வானொலியில் மத்திய அலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடுக்களையில் அம்மா மிக்சியைப் போடுகிறார். உடனே பாட்டின் மேல் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல் ஏறி உட்கார்ந்து கொள்கிறது. மிக்சிக்கும் உங்கள் வானொலிக்கும் இடையே கம்பி எதுவும் கிடையாது. ஆனாலும் மிக்சி வானொலிக்குள் வந்துவிட்டது!

வானொலியில் இந்த இரைச்சல் காதுக்கு மட்டுந்தான் தொல்லை. இதுவே ஓர் இயந்திரத்தின் கம்பிக்குள் புகுந்தால் என்ன ஆகும்? 'இது இரைச்சல், இது கட்டளை' என்று பிரித்தறிய இயந்திரத்துக்குத் தெரியாது. வந்தது எதுவானாலும் கட்டளை என்றே எடுத்துக்கொண்டு நடந்துவிடும். அப்படி நடந்த ஓர் இயந்திரத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

லேத்தில் உலோகத்துண்டு சுழலும். வெட்டும் கருவி சுழலாது. மில்லிங் இயந்திரத்தில் இதற்கு நேர்மாறு. கட்டர் சுழல, அதன் கீழே மேடையில் இறுக்கிய உலோகம் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும். முன்பெல்லாம் மேடையை நகர்த்தக் கைச்சக்கரத்தைத் தொழிலாளி சுற்றுவார். அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளை எண்களாகக் கணக்கிட்டு வெட்ட முனைந்தார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக, 1952-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளையிட்ட காகித நாடாவைப் படித்துத் தானே வெட்டும் மில்லிங் இயந்திரம் ஒன்றை இயக்கிக் காட்டினார்கள். நாடாவின் வேலையை இன்று கணிப்பொறி செய்கிறது. பட்டறைகளில் இதைச் சி.என்.சி. என்பார்கள்.

கணிப்பொறி எப்படிக் கைச்சக்கரம் சுற்றும்? சிறிய இயந்திரங்களில் இதற்கு ஸ்டெப்பர் மோட்டார் இருக்கிறது. சாதாரண மோட்டார் போல இது ஓடிக்கொண்டே இராது. அடி அடியாக நடக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடிகள். மோட்டாரை ஓட்டும் டிரைவ் என்னும் மின்னணுக் கருவி ஒவ்வோர் அடியையும் 8 சிற்றடிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஆக, ஒரு சுற்றுக்கு 1600 சிற்றடிகள். மோட்டாரோடு இணைந்த திருகுத்தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் மேடை 5 மில்லிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போடுங்கள். 1 மில்லிமீட்டருக்கு 320 சிற்றடிகள். ஒரு சிற்றடி 0.003125 மில்லிமீட்டர், அதாவது மூன்று மைக்ரானுக்குச் சற்றே அதிகம்.

கணிப்பொறி ஒரு கம்பியில் ஒரு மின்துடிப்பு அனுப்பினால் மோட்டார் ஒரு சிற்றடி வைக்கும். வலமா இடமா என்பதை இன்னொரு கம்பி சொல்லும். அவ்வளவுதான் மொழி. இதில் ஒரு வினோதம் கவனியுங்கள். மேடை உண்மையில் எங்கே நிற்கிறது என்று கணிப்பொறிக்குத் தெரியாது! தான் அனுப்பிய துடிப்புகளை எண்ணி, 'இந்நேரம் அங்கே இருக்க வேண்டும்' என்று நம்பிக்கொண்டிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிகளை எண்ணி நடப்பவரைப் போல. (பெரிய இயந்திரங்களில் நிலையைத் திருப்பிச் சொல்லும் உணரிகள் உண்டு. நம் கதையில் வருவது சின்ன இயந்திரம்.)

பட்டறையில் ஒரு வழக்கு

கோவைப் பக்கத்தில் ஒரு சிறு பட்டறை. அலுமினியத் தகட்டில் பள்ளங்கள் குடையும் வேலை. பள்ளம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 0.05 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் தகடு கழிவுக்குப் போக வேண்டியதுதான். ஒரு வாரமாக ஆறு தகடுகள் போய்விட்டன. ஐ.டி.ஐ. முடித்து வந்து ஆறு மாதமே ஆன ஓர் இளைஞர்தான் இயந்திரத்தில் நிற்கிறார். 'ஜாப்பை இவன் சரியாகச் செட் பண்ணுவதில்லை' என்று முதலாளிக்குக் கோபம். தகடுகளின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு. நான் போன அன்று, இயந்திரத்துக்கு வயரிங் செய்த முதிய எலக்ட்ரீஷியன் வந்திருந்தார்.

அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? ஒன்றையுமே கழற்றவில்லை. ஒரு டயல் கேஜை மேடையின் பக்கத்தில் முட்டும்படி வைத்து முள்ளைச் சுழியில் நிறுத்தினார். கட்டரைக் கழற்றிவிட்டு, அதே நிரலை வெறும் காற்றில் ஓடவிட்டார். மேடை நூற்றுக்கணக்கான முறை போய் வந்து, புறப்பட்ட இடத்தில் நின்றது. முள் சுழியில். மறுபடி ஓட்டினார். சுழி.

அடுத்து, கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலை மட்டும் ஓடவிட்டு, அதே நிரல். அப்போதும் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. மேடை திரும்பி வந்து நின்றபோது முள் 0.37 மில்லிமீட்டர் தள்ளி நின்றது. இன்னொரு முறை, 0.14. மூன்றாம் முறை, 0.22. அதுவும் எதிர்ப்பக்கமாக.

இந்த மூன்று எண்கள் எவ்வளவு பேசுகின்றன, பாருங்கள். வெட்டும் பாரம் தாங்காமல் மோட்டார் அடி தவறியதா? வெட்டவே இல்லையே. மேலும் ஸ்டெப்பர் மோட்டார் தடுமாறி விழுந்தால், நான்கு நான்கு முழு அடிகளாகத்தான் தவறும். அதன் காந்தப் புலம் நான்கு அடிக்கு ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புவதே காரணம். இந்த இயந்திரத்தில் நான்கு அடி என்பது 0.1 மில்லிமீட்டர். ஆகவே பிழை 0.1, 0.2, 0.3 என்று வர வேண்டும், 0.37 வராது. திருகுத்தண்டின் இணைப்பு தளர்ந்திருந்தால்? ஸ்பிண்டில் நின்றிருந்தபோதும் வழுக்கியிருக்கும். நிரலிலோ, ஜாப்பைப் பொருத்தியதிலோ தவறு இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே பிழை வரும். இங்கே பிழையோ தடவைக்குத் தடவை மாறுகிறது. ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் வருகிறது. யாரோ துடிப்புக் கம்பிக்குள் கள்ளத்தனமாகத் துடிப்புகளைச் செருகுகிறார்கள்! மேடை வலப்பக்கம் போகையில் செருகினால் வலத்தில் கூடும், இடப்பக்கம் போகையில் செருகினால் இடத்தில். அதனால்தான் எண்ணும் திசையும் நிலையாக இல்லை.

கள்ளன் யார்?

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் டீ குடித்தோம். இது சோம்பல் அல்ல. காரணம் பின்னால் சொல்கிறேன். பிறகு பேனலைத் திறந்தார். உள்ளே வயரிங் பார்க்க அவ்வளவு அழகு! எல்லாக் கம்பிகளும் பிளாஸ்டிக் சேனலுக்குள் ஒன்றாக அடுக்கி மூடியிருந்தன. போன வாரம்தான் ஸ்பிண்டிலின் வேகத்தை மாற்ற வி.எஃப்.டி. என்னும் கருவியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். அதிலிருந்து ஸ்பிண்டிலுக்குப் போகும் கம்பிகளும், கணிப்பொறியிலிருந்து டிரைவுக்குப் போகும் துடிப்புக் கம்பியும் அந்தச் சேனலில் சுமார் ஒரு மீட்டர் தூரம் உடலோடு உடல் ஒட்டிக் கிடந்தன.

வி.எஃப்.டி. என்ன செய்கிறது? 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை வாங்கி ஏறத்தாழ 580 வோல்ட் நேர்மின்னழுத்தமாக மாற்றி, அதை விநாடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் சுழியிலிருந்து 580-க்கு அரை மைக்ரோ விநாடியில் தாவுகிறது.

இரண்டு கடத்திகள், நடுவே ஒரு காப்புப் பொருள். இதற்குப் பெயர் என்ன? மின்தேக்கி! பாடப்புத்தகத்தில் தகடுகள் இருக்கும். இங்கே பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கம்பிகளே தகடுகள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 50 பைக்கோஃபாரடு என்று கொள்வோம். மிகச் சிறியதுதான். ஆனால் மின்தேக்கி வழியே செல்லும் மின்னோட்டம் = மின்தேக்குத்திறன் × மின்னழுத்தம் மாறும் வேகம். 580 வோல்ட்டை அரை மைக்ரோ விநாடியால் வகுத்து, 50 பைக்கோஃபாரடால் பெருக்குங்கள். 0.058 ஆம்பியர் வரும். அதாவது 58 மில்லி ஆம்பியர். டிரைவின் வாயிலில் துடிப்பை உணர்த்தச் சுமார் 10 மில்லி ஆம்பியரே போதும்!

'அப்படியானால் இயந்திரம் பைத்தியம் பிடித்து ஓடியிருக்க வேண்டுமே' என்கிறீர்களா? நல்ல கேள்வி. இந்த மின்னோட்டம் நிலைப்பது அரை மைக்ரோ விநாடிதான். சில மைக்ரோ விநாடியாவது நீடிக்காத துடிப்பை டிரைவ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. ஆனால் விநாடிக்கு 8000 வெட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏற்றமும் இறக்கமுமாக 2 தாவல், 3 கம்பி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 29 லட்சம் தாவல்கள். சில தாவல்களின் அதிர்வு சற்று நீண்டுவிடும். 29 லட்சத்தில் நூறு தப்பி நுழைந்தாலும் 0.3 மில்லிமீட்டர் போயிற்று.

எலக்ட்ரீஷியன் துடிப்புக் கம்பியைச் சேனலிலிருந்து உருவி ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, பேனலை மூடி ஓட்டச் சொன்னார். முள் சுழி. முதலாளி முகம் மலர்ந்தது. ஆனால் பெரியவர் திருப்தி அடையவில்லை. மறுபடி எல்லாவற்றையும் நிறுத்தி, மறுபடி காத்திருந்து, கம்பியைப் பழையபடி சேனலுக்குள் வைத்து ஓட்டினார். 0.29! பழுதைப் போக்கியது மட்டும் போதாது. வேண்டும்போது திரும்ப வரவழைக்கவும் முடிந்தால்தான் காரணத்தைப் பிடித்ததாக அர்த்தம். இடையில் வேறெதையும் அவர் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

"தம்பி மேல தப்பு இல்லீங்க" என்றார்.

"அப்ப யார் மேலங்ணா?"

"போன வாரம் இந்தச் சேனலை அழகா அடைச்சு மூடினவன் மேல. நான்தானுங்க."

தகட்டு விலைப் பேச்சு அத்தோடு நின்றது.

அன்று மாலைக்குள் மாற்றி அமைத்தார்கள். சைகைக் கம்பிகளுக்குத் தனிச் சேனல். மின்திறன் கம்பியைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடந்தது, இணையாக ஓடவில்லை. துடிப்புக் கம்பிக்குப் பதிலாக, இரண்டிரண்டாக முறுக்கி, மேலே உலோக வலை போர்த்திய ஷீல்டு கேபிள். அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார். இரு முனையிலும் செய்தால் இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு வலையிலேயே மின்னோட்டத்தைச் செலுத்தி, காவலனே கள்ளனாகிவிடக் கூடும். ஸ்பிண்டில் கேபிளின் வலையை மட்டும் இரு முனையிலும் எர்த் செய்தார். அங்கே நோக்கம் வேறு. இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பதல்ல, வெளியே போகாமல் அடைப்பது.

கம்பிகளை ஏன் முறுக்க வேண்டும்? ஒன்றில் போகும் சைகை மற்றொன்றில் திரும்பி வருகிறது. முறுக்கினால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். வேறுபாட்டை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது தெரியாமலே போய்விடும். இந்த யோசனை கணிப்பொறிக் காலத்தது அல்ல. பக்கத்துத் தந்திக் கம்பியின் 'டிக் டிக்' ஓசை தொலைபேசியில் கேட்டுத் தொல்லை கொடுத்த நாளில், கிரகாம் பெல் 1881-லேயே முறுக்கிய இணைக்கம்பிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

வேறு சில நோய்கள்

எல்லாப் பழுதும் இரைச்சலால் வருவதல்ல. மேடையின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் இயந்திரம் திணறினால், அசைந்து அசைந்து கம்பி காப்புறைக்குள்ளேயே முறிந்திருக்கலாம். வெளியே பார்த்தால் தெரியாது. மல்டிமீட்டரை மாட்டி, கேபிளை அங்குலம் அங்குலமாக வளைத்துப் பார்த்தால் ஒலி விட்டு விட்டு வரும்.

இன்னொன்று எனக்குப் பிடித்தமான நோய். பிழை ஒரே பக்கமாக, மேடை திசை திரும்பும் எண்ணிக்கைக்கு ஏற்பச் சரியாகக் கூடிக்கொண்டே போகும். திசைக் கம்பி மாறும் அதே கணத்தில் துடிப்பும் வந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் அடி தவறான பக்கம் போகிறது. 1000 திருப்பத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல்! கம்பியில் குறை இல்லை. துடிப்பு ஏறும்போது அடி வைப்பதா இறங்கும்போது வைப்பதா என்ற அமைப்பைத் தலைகீழாக்கினால் சரியாகிவிடும்.

மேடை எல்லையைத் தாண்டாமல் காக்கும் லிமிட் சுவிட்சை எப்போதும் மூடிய சுற்றாகவே வைப்பார்கள். எல்லையில் மோதினால் அது திறக்கும். மறித்து வைத்தால் என்ன? கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது. மோதும் நாளில்தான் தெரியும்.

டீ குடித்த காரணத்தைச் சொல்ல வேண்டும். வி.எஃப்.டி.க்குள் இருக்கும் பெரிய மின்தேக்கிகள், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் சில நிமிடங்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டுகளைத் தேக்கி வைத்திருக்கும். உயிரைக் குடிக்க அது போதும். அதனால் இத்தகைய பேனல்களை நீங்கள் திறக்கவே வேண்டாம்.

உங்களுக்குத் தோதான சோதனை வேறு இருக்கிறது. பழைய பொருள் கடையில் கெட்டுப்போன பிரிண்டரிலிருந்து கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார் கிடைக்கும். நான்கு கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இரண்டு சுருள்கள். எந்த இரண்டு கம்பி ஒரு சுருளுக்கு உரியவை என்று தெரியாது. தவறாக இணைத்தால் மோட்டார் சுழலாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். மின்சாரமே இல்லாமல் கண்டுபிடிக்கலாம். ஏதேனும் இரண்டு முனைகளை ஒன்றாக முறுக்கிவிட்டு அச்சை விரலால் சுழற்றுங்கள். லேசாகச் சுழன்றால் அவை வேறு வேறு சுருள். மணலில் இழுப்பது போல் கனத்தால் அவை ஒரே சுருள். உங்கள் விரலே மின்னியற்றியை ஓட்டுகிறது, தூண்டப்பட்ட மின்னோட்டம் உங்களை எதிர்க்கிறது. லென்ஸ் விதியைப் படித்திருப்பீர்கள். இப்போது விரலில் உணர்வீர்கள். சந்தேகம் இருந்தால் முறுக்கைப் பிரித்து, அந்த இரு முனைகளுக்கு இடையே ஒரு சிவப்பு எல்.இ.டி.யை மாட்டி அச்சை விரைவாகச் சுண்டிவிடுங்கள். மினுங்கினால் அது ஒரு ஜோடி.