கம்பம் திராட்சைத் தோட்டங்களில் ஒரு சுற்று

காரைக்குடியிலிருந்து மதுரை, தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தால், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்கும் திராட்சைப் பந்தல்கள்தான். கண்மாய்த் தண்ணீரை நம்பிய நம் சிவகங்கைச் சீமை விவசாயிகள் ஒருமுறை அவசியம் பார்த்து வர வேண்டும்.

இங்கு முக்கியமானது பன்னீர் திராட்சை. இதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி வைப்பதால் ஆண்டு முழுவதும் எங்காவது அறுவடை நடக்கும்.

ருசி பார்க்கும்போது கொத்தின் நுனிப் பழத்தைக் கேளுங்கள். அதுதான் கடைசியில் பழுக்கும்; அது இனித்தால் கொத்து முழுவதும் தேறியது. கொடியிலிருந்து வெட்டிய பின் திராட்சை மேலும் பழுக்காது.

சங்கடம் என்னவென்றால், இப்பழம் அதிக நாள் தாங்காது. வெட்டிய அன்று வியாபாரி சொன்னதே விலை! இதே ரகத்தில் ஒயினும் தயாரிக்கலாம். மகாராஷ்டிரம் 2001-ல் திராட்சை பதனிடும் கொள்கை வகுத்தது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2005-ல் ருசிக்கூடம் திறந்தது. வருவோர் தோட்டத்திலேயே சுவைத்து, பாட்டில் வாங்கிச் செல்கிறார்கள். நம் மாநிலத்தில் 2003 முதல் மதுபானச் சில்லறை விற்பனை டாஸ்மாக் வசம். எனவே நம் திராட்சைக் குடும்பங்களுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. பழமாகவோ, புளிக்காத சாறாகவோ விற்கத் தடையில்லையே! வழியோரத்தில் பழம் விற்கும் தோட்டக்காரருக்குத் தரகும் மிச்சம்.

வாங்கும் பழத்தைக் கழுவாமல், ஆழமில்லாத கூடையில் பரப்பி, காற்றோட்டமாகக் கொண்டு வாருங்கள்.