கற்பூர வெளிச்சமும் கேமராக்களும்: திருத்தணி, அன்றும் இன்றும்

ஒரு கேமராவின் தரத்தைச் சோதிக்க, திருத்தணியில் டிசம்பர் 31 இரவைப் போல் இன்னொரு நேரம் கிடையாது. மலையேறும் 365 படிகளிலும் கற்பூரம் எரியும். படிக்கு ஒரு திருப்புகழ் என்று பஜனைக் கோஷ்டிகள் பாடிக்கொண்டே ஏறும். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் வாசலில் போய் நின்ற காலத்தில், அன்றைக்கு வணங்க வேண்டியது தணிகை முருகனை என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா இது. பக்தர்களுக்கு அது பாட்டு இரவு. கேமராமேல் தீராத ஆசை கொண்ட எனக்கு அது வெளிச்சத்தின் இரவும்கூட. காலடியில் சின்னச் சின்னச் சுடர்கள், தலைக்குமேல் கருத்த வானம், நடுவில் மஞ்சள் உடையும் விபூதி நெற்றியும். இந்த மூன்றையும் ஒரே படத்துக்குள் கொண்டுவருவது எளிதில்லை. எங்கள் ஊருக்கு வந்த ஒவ்வொரு கேமராவையும் நான் இந்த இரவை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

என் அப்பா தலைமுறைக்குக் கேமரா என்றால் ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரானது, ஐம்பது ரூபாய்க்குள் கிடைத்தது. 120 ரோல் போட்டால் 12 சதுரப் படங்கள். ஷட்டருக்கு ஒரே வேகம்தான். வெயிலா, மேகமூட்டமா என்று குறியைத் திருப்பி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இதை எளிய கேமரா என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர். இன்றைக்கு நல்ல விலை கொடுத்து வாங்கும் போனின் சென்சாரைப் பரப்பளவில் நாற்பது மடங்குக்கு மேல் மிஞ்சும் அளவு அது. பெரிதாக்காமலே, நெகட்டிவைத் தாள்மேல் அப்படியே வைத்துப் பிரிண்ட் எடுத்து ஆல்பத்தில் ஒட்டலாம். ஆடிக் கிருத்திகையின் நண்பகல் வெயிலில், சரவணப் பொய்கைக் கரையில் புஷ்பக் காவடியோடு நிற்பவரை அது அருமையாகப் பிடிக்கும். பொழுது சாய்ந்தால் அதை உறைக்குள் போட்டுவிட வேண்டும். அதனால் அந்தத் தலைமுறையின் ஆல்பங்களில் எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். படித் திருவிழாவின் இரவு அந்த ஆல்பங்களில் இல்லவே இல்லை.

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி.யும் வடக்கெல்லைப் போராட்டத்தில் நின்றவர்களும் போராடிப் பெற்றது. அதே ஆண்டில்தான் உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனமும் தோன்றியது. பிலிமின் பெரும் பகைவன் தூசி. குளிர்ந்த, சுத்தமான மலைக்காற்று வேண்டுமென்று நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘இந்து’ என்ற பெயரில் அங்கிருந்து வந்த கறுப்பு வெள்ளை ரோல் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்கள் பலவற்றில் ஓடியது. அந்த ஆலை மூடப்பட்டதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிலிமைத் தன் மண்ணிலேயே தயாரித்த நாடுகள் உலகில் மிகக் குறைவு.

அடிவாரத்து ஸ்டுடியோக்களுக்கு அப்போது வேலை ஓயாது. மொட்டையடித்து, சந்தனம் பூசி, காது குத்திய கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக் குடும்பங்கள். “ஆடாம நில்லுங்க” என்று தமிழில் சொன்ன வாய் அடுத்த நொடி அதையே தெலுங்கில் சொல்லும். பின்னால் திரையில் எழுதிய மாளிகை, பக்கத்தில் ஸ்டூல்மேல் பூச்சாடி. படம் கைக்கு வர நாளாகும்; வெளியூர்க்காரருக்குத் தபாலில் போகும். அந்த ஸ்டுடியோக்களில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்களின் ஒழுங்கு. ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஒரு நம்பர், ஒரு உறை. பத்து வருடம் கழித்து வந்து நம்பரைச் சொன்னால் மறுபடி பிரிண்ட் போட்டுத் தருவார்கள்.

எண்பதுகளில் கலர் ரோலும் ஃபிளாஷும் வீட்டுக்குள் வந்தன. பாக்கெட்டில் அடங்கிய ஹாட்ஷாட், ஃபிளாஷ் உடம்பிலேயே அமைந்த யாஷிகா எம்எஃப்-2, பிறகு தொண்ணூறுகளில் கோடாக் கேபி-10. 36 படம் போட்ட ரோலில் முப்பத்தேழோ முப்பத்தெட்டோ தேறினால் வீட்டில் சந்தோஷம். கேமரா முதல்முறையாகப் படித் திருவிழாவுக்கு ஏறியது. ஏறிய கேமரா அந்த இரவை எடுக்கவில்லை. ஃபிளாஷ் ஒளி தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறையும். முன்னால் நிற்பவரின் முகம் வெளிறும், பின்னால் வருகிறவர்கள் இருட்டில் கரைவார்கள். கற்பூரச் சுடரோ, ஃபிளாஷின் வீச்சில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படிப்பட்ட படங்கள் இருக்கின்றன: நாலு பேர் வெள்ளை முகத்தோடு நிற்பார்கள், சுற்றிலும் கறுப்பு. அது மலையா மொட்டைமாடியா என்று சொல்ல முடியாது.

கருவி தெரிந்தவர்கள் அப்போதும் வேறு வழி கண்டார்கள். நிகான் எஃப்எம்2 போன்ற கேமராவில் 400 வேகப் பிலிம் போட்டு, 50 மில்லிமீட்டர் லென்ஸை முழுக்கத் திறந்து, ஃபிளாஷை அணைத்து, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி மூச்சைப் பிடித்து எடுத்தார்கள். பிலிம் பகல் வெளிச்சத்துக்கு அமைக்கப்பட்டது. கற்பூரச் சுடரை அது ஆழ்ந்த செம்மஞ்சளாகக் காட்டும். தோல், துணி, கல் எல்லாமே அந்த நிறத்தில் தோய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த நிறம் அது இல்லைதான். ஆனாலும் அந்த இரவின் சூடு அந்தப் படங்களில் இருக்கிறது. அப்படி எடுத்தவர்கள் ஊருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மற்றவர்களுக்கு அந்தக் கேமராவின் விலையும் எட்டாது, கணக்கும் எட்டாது.

கேமரா மட்டுமா? படியோரக் கடைகளில் சீர்காழி கோவிந்தராஜன், டி.எம்.சௌந்தரராஜன் குரலில் முருகன் பாட்டு கேசட்டுகள் அடுக்கியிருக்கும். பிறகு எம்பி3 சிடி வந்தது. அதற்கும் பிறகு, “மெமரி கார்டுல பாட்டு ஏத்தித் தரப்படும்” என்ற அட்டை தொங்கிய செல்போன் கடைகள். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு கார்டு ரீடர், நூற்றுக்கணக்கான பக்திப் பாட்டுகள், அவ்வளவுதான் முதலீடு. இப்போது பஜனைக் கோஷ்டிகளின் தோளில் புளூடூத் ஸ்பீக்கர் தொங்குகிறது.

கம்ப்யூட்டர் சாமான் வாங்க எங்களுக்கு எப்போதும் ஒரே வழிதான். சென்ட்ரல் போகும் மின்சார ரயில், அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட். எண்பது சொச்சம் கிலோமீட்டர். 15 அங்குலப் பழைய மானிட்டர் ஒன்று பத்துக் கிலோவைத் தாண்டும். அதைக் கூட்டமான பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பியவர்களை அரக்கோணம் மார்க்கத்தில் அடிக்கடி பார்க்கலாம். அந்தத் தெருவில் வாங்கியவற்றில் இன்றைக்கும் உழைப்பது டிவிஎஸ் கோல்டு கீபோர்டு. ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச். அழுத்தினால் ‘டக்’கென்று விரலுக்கும் காதுக்கும் பதில் சொல்லும். எழுத்து தேய்ந்து மறைந்த பிறகும் விசை தேயாது. தட்டச்சு பழகிய விரல்களுக்கு ஏற்ற கீபோர்டு இதைவிட வேறில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இப்போது அதே சாமான் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு வருகிறது. வசதிதான். பத்துக் கடை ஏறி இறங்கி, கையில் எடுத்து அழுத்திப் பார்த்து வாங்கும் பழக்கம் போனது மட்டும் நஷ்டம்.

டிஜிட்டல் கேமரா எங்கள் ஊரில் நீண்ட காலம் தங்கவில்லை. 1975-இல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. கோடாக்கின் பிலிம் வியாபாரத்தைச் சரித்த தொழில்நுட்பம் பிறந்தது அந்த நிறுவனத்திலேயேதான். 2012-இல் அது திவால் பாதுகாப்புக் கோரி நின்றது. அதற்குள் கேமரா போனுக்குள் குடியேறிவிட்டது. நோக்கியா 6600-இன் படம் 640-க்கு 480 புள்ளி. அதில் எடுத்த கற்பூரச் சுடர் வெறும் வெள்ளைக் கட்டம். ஆனாலும் அதைத்தான் எல்லோரும் எடுத்தார்கள், ரோல் தீர்ந்துவிடுமே என்ற பயம் முதல்முறையாகப் போயிருந்தது.

அந்த இரவைக் கேமரா முழுதாக வென்றது இந்தச் சில வருடங்களில்தான். 2018 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் போன்களுக்கு ‘நைட் சைட்’ கொடுத்தது. 2019-இல் ஐபோன் 11 நைட் மோடோடு வந்தது. பிறகு நடுத்தர விலைப் போன்களுக்கும் அது இறங்கியது. பொத்தானை ஒருமுறை தொட்டால் போன் ஒரு படம் எடுப்பதில்லை. அடுத்தடுத்துப் பல படங்களை எடுக்கிறது, கை அசைந்த அளவைக் கணக்கிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துகிறது, புள்ளி இரைச்சலைக் களைகிறது. முன்பு எஃப்எம்2 வைத்திருந்தவர் மூச்சைப் பிடித்துச் செய்ததைவிடத் தெளிவான படம், பூ விற்கும் அம்மாவின் கையிலிருக்கும் போனில் விழுகிறது. இந்த ஊரில் நான் கண்ட கருவி மாற்றங்களில் மிகப் பெரியது இதுதான். தன் பேத்தி முதல் படியில் கற்பூரம் ஏற்றும் நொடியை அவரே எடுக்கிறார். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை.

குறை இல்லாமல் இல்லை. இரவைப் பகலாக்கிவிடப் போன் துடிக்கிறது. கருத்த வானத்தை நீலமாகவும், செம்மஞ்சள் சுடரை வெள்ளையாகவும் “திருத்தி”, மஞ்சள் வேட்டியின் நிறத்தைக் கெடுத்துவிடும். நடந்துகொண்டிருப்பவர்கள் புகையாக இழுபடுவார்கள். இதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். திரையில் சுடரின்மேல் ஒருமுறை தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வானம் மறுபடி கறுக்கும், சுடர் நிறம் பெறும். கோஷ்டி ஒரு பாட்டு முடித்து நிற்கும் இடைவெளியில் எடுத்தால் ஆட்களும் தெளிவாக விழுவார்கள். சந்நிதிக்குள் எடுக்கப் பார்க்காதீர்கள். திருச்செந்தூர் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைபேசி கூடாதென்று உத்தரவிட்டது. அது சரியான உத்தரவு என்பதுதான் என் எண்ணம். இந்த மலையின் படங்கள் எப்போதும் படியிலும் பொய்கையிலும் அடிவாரத்திலும்தான் எடுக்கப்பட்டு வந்திருக்கின்றன.

இன்னொரு மாற்றமும் மனதை நிறைக்கிறது. பரோடாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த கருவி, இப்போது பக்கத்து மாவட்டத்தில் பிறக்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கி, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது அதை நம்பியிருந்த இளைஞர்கள் தவித்துப் போனார்கள். இப்போது அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். சுற்று மாவட்டத்துப் பெண்ணின் விரல்கள் பொருத்திய கேமரா உலகம் முழுக்கப் படம் எடுக்கிறது. அவள் சம்பளத்தில் அந்தப் போனை வாங்க எத்தனை மாதம் ஆகும் என்ற கேள்வியும் இதோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டியது.

கடைத்தெருவின் முகமும் மாறிவிட்டது. டெம்பர்டு கிளாஸ், பேக் கவர், சி-டைப் கேபிள், பவர் பேங்க் என்று தொங்கும் சரக்குகளுக்கு நடுவில் ஸ்டுடியோக்கள் பாஸ்போர்ட் படத்தையும் ஃபிரேம் வேலையையும் நம்பிப் பிழைக்கின்றன. அவற்றுக்கு நாம் இன்னும் நிறைய வேலை கொடுக்க வேண்டும். அண்மையில் ஒரு ஸ்டுடியோவில், நகரியிலிருந்து வந்த ஒரு பாட்டி பேரனின் மொட்டைப் படத்தைப் பிரிண்ட் போடக் கேட்டார். வாட்ஸ்அப்பில் அனுப்பப் போன பேரனின் அப்பாவை ஸ்டுடியோக்காரர் தடுத்தார்.

“அதுல அனுப்பாதீங்கண்ணா, சுருக்கிடும். கேபிள் போடுறேன், ஒரிஜினலே எடுத்துக்கலாம்.”

“ரெண்டா போடு தம்பி. ஒண்ணு என் பொண்ணு வீட்டுக்கு.”

அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கான படங்கள் போன்களுக்குள்ளேயே கிடக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. பழைய கலர் பிரிண்டுகளுக்கும் ஆயுள் குறைவுதான். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் ஆல்பத்துக்குள் இருந்தபடியே படம் சிவந்துபோகும். ஆனால் சிவந்த படத்தில் அத்தையின் முகம் இன்னும் தெரிகிறது.

பிலிமும் முழுக்க ஒழியவில்லை. அப்பாவின் யாஷிகாவைத் தூசி தட்டி எடுத்து ரோல் போடும் இளைஞர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். கலர் ரோல் விலை ஏறிவிட்டது. கழுவ இங்கே லேப் இல்லை; கூரியரில் சென்னைக்குப் போகிறது, ஸ்கேன் போனுக்கு வருகிறது. அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ரோலை அனுப்பும்போதே நெகட்டிவும் திரும்ப வேண்டும் என்று எழுதிப் போடுங்கள். சொல்லாவிட்டால் கொஞ்ச நாள் வைத்திருந்து தூக்கிப் போட்டுவிடும் லேப்களும் உண்டு.