காப்பித்தூளும் கம்பவுண்டரும்

திருநெல்வேலி என்றதும் தாமிரபரணி, வாழைத்தோப்பு, அல்வா என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு எங்க ராதாபுரம் பக்கம் வந்தீர்களானால் ஏமாந்து போவீர்கள். செம்மண், பனை, தலைக்கு மேலே விர்ரென்று சுற்றும் காற்றாலை, அப்புறம் உடைமரம். இந்த உடைமரம் இருக்கிறதே, தூரத்திலிருந்து பார்த்தால் குடை பிடித்த மாதிரி அழகாக நிற்கும். நிழலுக்கு ஒதுங்கினால் காலைப் பதம் பார்த்துவிடும். பனை ஏறினால் மட்டைக் கருக்கு அறுக்கும், இறங்கினால் உடைமுள் குத்தும். ஆக, காயம் எங்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு மாதிரி!

இதற்கெல்லாம் எங்க ஆச்சி கைவசம் மருந்து இருந்தது. வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள். முள்ளுக்கு மண்ணெண்ணெய். தீக்காயத்துக்கு என் பேனா இங்க். நாய்க்கடிக்குச் சுண்ணாம்பு. "எரியணும்லே... எரிஞ்சாத்தான் மருந்து கேக்குதுன்னு அர்த்தம்!"

எனக்குப் பன்னிரண்டு வயசில் குதிகாலில் ஒரு முள் ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மண்ணெண்ணெய், காப்பித்தூள் எல்லாம் ஆயிற்று. மூன்றாம் நாள் கவட்டில் நெறி கட்டி, காய்ச்சல் கொதித்தது. கம்பவுண்டர் வந்து கட்டைப் பிரித்தவர், "ஏன் ஆச்சி, பய காலுக்குக் காப்பி குடுத்திருக்கீங்க, எனக்கு இல்லையா?" என்றார். பிறகு முள்ளை எடுத்து, சோப்பும் தண்ணியும் போட்டுக் கழுவு கழுவென்று கழுவினார். "நெறி கட்டுறதுன்னா என்ன தெரியுமாலே? கால்ல நடக்கிற சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாச்சுன்னு அர்த்தம். இனிமே வீட்டு வைத்தியம் செல்லாது" என்றார். அதைவிடத் தெளிவாக எந்த டாக்டரும் எனக்கு அப்புறம் சொன்னதில்லை.

இதுவரை சிரித்தாயிற்று. இனிமேல் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

1989-ல் என் பெரியப்பா மகனை ஒரு நாய்க்குட்டி கடித்தது. எனக்கு மூன்று வயசு மூத்த அண்ணன். தெருவில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து பால் வைத்தவனே அவன்தான். சின்னப் பல் பட்ட காயம், ஆச்சி சுண்ணாம்பு வைத்தாள், பத்து நாளில் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு அவன் போகவில்லை. காரணம், அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்த அதே பயம்தான்: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி!" இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டு போனவன், தொண்டை இழுத்துக்கொண்டு டம்ளரைக் கீழே போட்டான். 50 கிலோமீட்டருக்கு மேல் தாண்டி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவன் நடந்து திரும்பவில்லை. வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. கடித்த அன்றைக்கு வைத்தியம் பார்த்திருந்தால் அநேகமாக வந்திருக்காது.

அண்ணன் பயந்த அந்த ஊசி 1911-ல் கசௌலியில் உருவானது. ஆட்டின் மூளையிலிருந்து எடுத்தது. 2004-ல் இந்தியா அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. இப்போது ஊசி கையில்தான். முதல் நாளில், பிறகு 3, 7, 28-ம் நாட்களில். தோலில் போடாமல் தசையில் போட்டால் 14-ம் நாளும் ஒன்று கூடும். அவ்வளவுதான்!

ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது தெருநாய் துரத்துகிறதா? பல் பட்டாலும் சரி, நகம் கீறினாலும் சரி, முதல் வேலை குழாயடி. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய், சுண்ணாம்பு, கட்டு, தையல் எதுவும் வேண்டாம். அடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடுகிற இன்னொரு மருந்தும் உண்டு, கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். "நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பாப்போம்" என்று காத்திருக்கவே கூடாது. நாயைப் பாருங்கள், ஆனால் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்!

அடுத்து ஆணி, முள். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஆபத்து என்று ஒரு நம்பிக்கை. துரு பாவம், அப்பாவி. ரணஜன்னிக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். காற்றுப் புகாத ஆழமான குத்து அதற்குச் சொர்க்கம். தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போவது அதன் முதல் அடையாளம். அது வரைக்கும் விடக்கூடாது. பத்து வருஷத்துக்கு ஒரு ஊசி போதும். அழுக்கான, ஆழமான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தாலே இன்னொன்று போட வேண்டும். சின்ன வயசில் ஊசியே போட்டதில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சாதாரண வெட்டு? சுத்தமான துணியை வைத்து 10 நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் நடுவில் "நின்னுடுச்சா?" என்று எட்டிப் பார்க்கக் கூடாது. நின்றதும் கழுவி மூடுங்கள். காயம் வாய் பிளந்திருந்தால் அன்றைக்கே தையல். சுற்றிலும் சிவப்பு பரவுகிறது, சூடாக இருக்கிறது, விண் விண்ணென்று தெறிக்கிறது, சீழ், காய்ச்சல், நெறி... இதில் ஒன்று வந்தாலும் டாக்டர்தான். மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு மாத்திரை குடுங்க அண்ணாச்சி" என்கிற வேலை வேண்டாம். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். இங்க் எழுதுவதற்கு, பேஸ்ட் பல்லுக்கு!

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட காலை ஆடாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர்கள் 1978-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்திலிருந்தும் அது தயாராகிறது. அதனால் பாம்பைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. டாக்டரும் பயப்படுவார்!

சரி, கழுவியாச்சு, ஊசி போட்டாச்சு. ஆனாலும் புண் ஆறவில்லை என்றால்? ஆறுவதற்கு உடம்புக்குள் சரக்கு வேண்டுமே!

குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் 1920களில் ஒரு வேடிக்கை செய்தார். இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாப் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழு. தீட்டிய வெள்ளைச் சோறு தின்ற மதராஸ் எலிகள் கடைசி பெஞ்சு நோஞ்சான்! மெஸ்ஸில் மூன்றாவது முறை சாதம் வாங்கிக்கொண்டு காய்கறியை ஒதுக்குகிற நண்பர்களே, அந்த எலி நாம்தான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. "அது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஆண்களிலும் நாலில் ஒருவருக்கு! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே சிவப்புக்குப் பதில் வெளுப்பா? பச்சரிசி மெல்லத் தோன்றுகிறதா? ஹீமோகுளோபின் பாருங்கள். ஆணுக்கு 13-க்குக் கீழே என்றால் சோகை. டானிக் வாங்குவதற்கு முன்னால் ரத்தம் எங்கே போகிறது என்று கேளுங்கள். மூலம், வயிற்றுப் புண், இல்லாவிட்டால் வெறுங்கால் வழியாகப் புகுந்து குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு. அப்போது செருப்புகூட ஒரு மருந்துதான்!

கீரை, பயறு, மீன், ஈரல் சாப்பிடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதைத் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் பொறுங்கள். உள்ளங்கால் மரத்து, நாக்கு சிவந்து வழவழப்பாக இருந்தால், முக்கியமாகச் சைவக்காரர்கள், பி-12 அளவையும் பார்த்துவிடுங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத காயம் இருந்தால், வயசு இருபத்தெட்டுதானே என்று நினைக்காமல் சர்க்கரை பாருங்கள்.

அண்ணன் போன பிறகு ஆச்சி பத்து வருஷத்துக்கு மேல் இருந்தாள். அடுக்களைப் பக்கம் காப்பித்தூள் டப்பா அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் தெருவில் எந்தப் பிள்ளை காலில் ரத்தத்தோடு வந்தாலும், அவள் அதன் பக்கம் திரும்பவே மாட்டாள். கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சோப்பைப் போடுவாள். "இன்னும் கழுவு... இன்னும் கழுவுலே" என்பாள். கழுவி முடித்ததும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"ஏலே, நாய் கடிச்சிச்சா? மறைக்காமச் சொல்லு."